‘ஙீ’ என்று ஒரு சத்தம்

காதுக்கு அன்றைக்குக் காலையிலேயே கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்கிறார், தெருமுனையில் அந்தச் சிவப்புக் கார் திரும்புகிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டி வருவது மச்சினி. மனைவியின் தங்கை, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்டீரியோ மாற்றிக் கொடுத்த பிறகு, குறை சொல்ல அவள் அந்தக் காரை எடுத்துக்கொண்டு வருவது இது மூன்றாவது முறை. ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு உள்ளே ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தார் மனுஷன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள், ஹாரனும் அடித்துவிட்டாள்.

காது என்பது ஆளின் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி இப்போது அவரைக் கூப்பிடுவது வரி அலுவலகம் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவர் காது. கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டுகிற தொழில். வாலிபத்தில், எதிர்ச்சாரியில் போகிற வண்டியில் பாட்டு ஓடினால் போதும், இருந்த இடத்திலிருந்தே, “பின்பக்கம் இடது ஸ்பீக்கர்ல பேப்பர் கிழிஞ்சிருக்கு” என்று சொல்லிவிடுவார். நிறுத்திப் பிரித்துப் பார்த்தால் கிழிந்துதான் இருக்கும். அப்படிச் சொல்லிச் சொல்லியே கிடைத்த பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் கடை ஓடியது, கல்யாணம் நடந்தது, மகள் படித்து முடித்தாள். மீட்டர், கருவி, கம்ப்யூட்டர் என்று எதுவும் கடையில் கிடையாது. யாராவது கேட்டால், “என் காதை விடவா?” என்பார்.

எதிரே ஒருத்தர் கண்ணாடிக் கதவு போட்டுப் பெரிதாகக் கடை திறந்து, சத்தத்தைக் கோடு கோடாகத் திரையில் காட்டும் கருவி எல்லாம் வாங்கி வைத்திருந்தார். இருந்தும் பாதித் தெரு இந்தப் பக்கம்தான் வந்தது. “காது கேட்டுட்டாரு, சரின்னுட்டாரு” என்றால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. அந்தப் பேச்சு நின்றுபோனால் கடையில் மிஞ்சுவது நாலு ஸ்க்ரூடிரைவரும் ஒரு ஸ்டூலும்தான். இது காதுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மச்சினியின் ஹாரன் சத்தம் கேட்டதும் முதலில் எதிர்க்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் காரை அவள் வாங்கிய கதையே ஒரு கூத்து. ஓய்வு பெற்ற மறுமாதம், குடும்பமே கூடி உட்கார்ந்து, அவள் இனி என்ன செய்யலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. டியூஷன் எடுக்கலாம் என்றார் ஒருத்தர், யோகா என்றார் இன்னொருத்தர். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் போய், தன் வயதில் பாதி வயதுள்ள ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். மேற்கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். “இதுல காய்கறி வாங்கிட்டு வரக்கூட இடம் இல்லையே” என்றாள் அக்கா. “காய்கறியை யாரு இதுல ஏத்தப் போறா?” என்றாள் தங்கை.

எல்லாம் சரிதான், காரில் கம்பெனியே போட்டுக் கொடுத்த ஸ்டீரியோ இருந்தது பாருங்கள், அதில்தான் வந்தது வினை. கேசட் போடுகிற காலத்துச் செட். அவள் பத்திரமாக வைத்திருந்த ஒரே கேசட்டை அது மென்று துப்பிவிட்டது. செல்போனில் இருக்கும் பாட்டை அதில் கேட்க வழியில்லை. “அத்தான், இதை எடுத்துட்டுப் புதுசு ஒன்னு மாட்டிக் குடுங்க” என்று வந்து நின்றாள்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்க எந்த ஸ்டீரியோக்காரரும் மனசார ஒப்புக்கொள்ள மாட்டார். சாதாரணக் காரில் செட் சதுரமாக ஒரு பொந்துக்குள் உட்கார்ந்திருக்கும். இந்த மாதிரிக் காரிலோ, டேஷ்போர்டு வளைகிற வளைவுக்கு ஏற்றபடி அதுவும் வளைந்து நெளிந்து இருக்கும். எடுத்துவிட்டால் அங்கே ஓட்டைப் பல் மாதிரி ஒரு சந்து. அதற்கு ஒரு சட்டம் தேடிப் பிடிக்க வேண்டும். வயர்களின் நிறம் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகாது. சீட்டுக்குப் பின்னால், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்று தனியாக ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் காய்ந்து, தொட்டால் அப்பளமாக உடையும். இவ்வளவும் தெரிந்தும் காது சரி என்றார். மச்சினி கேட்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டில் சோறு தின்ன முடியுமா?

வேலை தொடங்கியது. முதல் நாளே நகம் பெயர்ந்தது. செட்டைப் பிடித்திருந்த இரண்டு கொக்கிகள் வருவேனா என்று அடம் பிடித்தன. மூன்றாவது கொக்கி எங்கே இருக்கிறது என்று தேட, கை நுழையாத இடத்தில் கையை நுழைத்து, தலையைப் பெடலுக்கு நடுவில் வைத்து, காலைச் சீட்டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அவரிடம் விசாரிக்க விஷயம் இருந்தது. “காது, உள்ள என்ன பண்றீங்க?” என்று குனிந்து கேட்டுவிட்டுப் போனார் சலூன்காரர். “நீச்சல் அடிக்கறேன்” என்றார் காது.

ஒரு வழியாகப் பழையதைப் பிடுங்கிப் புதியதை மாட்டிவிட்டார். பழைய செட்டுக்கு, கரண்ட் வண்டியின் இரும்புக்குத் திரும்பிப் போக எர்த் என்று தனியாக வயர் வரவில்லை. அதன் இரும்பு உடம்பே வண்டியின் இரும்போடு ஒட்டி நின்று அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதியதைச் சுற்றி இருப்பதோ பிளாஸ்டிக் சட்டம். அதனால் காது ஒரு கறுப்பு வயரை இழுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணில் பட்ட ஒரு ஸ்க்ரூவில் முடுக்கினார். பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தபேலா தனியாக, குரல் தனியாக, நெஞ்சில் வந்து இறங்கியது. “எடுத்துட்டுப் போ டீச்சர்” என்று சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கு மனைவி கடையில் இல்லை. மகள் வீடு மாற்றுகிறாள் என்று சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் இல்லாதது காதுக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. கடையின் முன்பக்கம் தையல் மெஷின் போட்டுச் சீட் கவர் தைப்பது அவள் வேலை. நல்ல கைவேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அவளிடம் அவரைக் கடுப்பேற்றும் பழக்கங்கள் சில உண்டு. போனில் யார் கூப்பிட்டாலும் குசலம் விசாரிப்பாள். டீக்கடைக்காரரிடம் சர்க்கரையைப் பற்றி வாக்குவாதம் செய்வாள். வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கப் போகிற நேரத்தில், கையில் ஒரு துணியோடு உள்ளே ஏறி உட்கார்ந்துவிடுவாள். முன்கண்ணாடியை உள்பக்கமாகத் துடைக்கவேண்டுமாம். அதுவும் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டால்தான் கறை தெரியுமாம். வாடிக்கையாளர் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், இவள் உள்ளே சாவகாசமாகத் துடைப்பாள். துடைத்துவிட்டு இறங்கும்போது சில நாள், “என்னங்க, எதுக்கும் எர்த்தை ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்பாள்.

காதுக்குப் பற்றிக்கொண்டு வரும். “தையல்காரி எனக்கு எர்த் சொல்லிக் குடு. நாளைக்கு நான் வந்து உனக்கு ஊசி கோத்துக் குடுக்கறேன்” என்பார். ஆனாலும் வாடிக்கையாளர் முன்னால் சண்டை எதற்கு என்று, முணுமுணுத்துக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, மறுபடி முடுக்கிக் கொடுப்பார்.

சிவப்புக் கார் போன இரண்டாம் நாளே திரும்பி வந்தது. “அத்தான், பாட்டுக்கு நடுவுல ஙீ…ன்னு ஒரு சத்தம் வருது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்னும் மேல போகுது. கொசு காதுக்குள்ள புகுந்த மாதிரி இருக்கு” என்றாள் டீச்சர்.

காது உட்கார்ந்து கேட்டார். ஒன்றும் இல்லை. பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டுக் கேட்டார். லேசாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான், அது எந்தச் செட்டிலும் வரும். ஙீயும் இல்லை, ஙாவும் இல்லை.

இந்த மாதிரி ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். புதுச் சாமான் வாங்கினால் அதில் ஒரு குறை கண்டுபிடிக்காமல் தூக்கம் வராத ஜாதி. இவர்களுக்கு என்று தொழிலில் ஒரு வைத்தியம் உண்டு. “விட்டுட்டுப் போங்க, பாத்து வைக்கறேன்” என்று சொல்ல வேண்டும். நாலு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், ஒரு டீ குடிக்க வேண்டும், அதே நாலு ஸ்க்ரூவை மாட்ட வேண்டும். “சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன்” என்று முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர், “ஆமா, இப்ப நல்லா இருக்கு” என்று சந்தோஷமாகப் போவார்கள். காதும் அதைத்தான் செய்தார்.

டீச்சர் அந்தப் பத்தாவது ஆள். காரைக் கிளப்பி, பத்தடி போய், அப்படியே ரிவர்ஸில் வந்தாள். “அத்தான், அப்படியேதான் இருக்கு. நீங்க என்ன பண்ணீங்க?”

“பண்ண வேண்டியதைப் பண்ணேன்.”

“அதான் என்னன்னு கேக்கறேன். விடையை மட்டும் சொன்னா நான் மார்க் போடமாட்டேன்.”

இரண்டாவது முறை வந்தபோது, வாய் ஓயட்டும் என்று இரைச்சலை வடிகட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வயரில் கோத்துவிட்டார். அதுவும் அவள் வாயை அடைக்கவில்லை. போனில் கூப்பிட்டாள். மெசேஜ் அனுப்பினாள். சத்தத்தையே ரெக்கார்டு பண்ணி அனுப்பினாள். அதைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டால் இன்ஜின் ஓடுகிற சத்தம்தான் வந்தது. “உனக்குக் காதுக்குள்ள ஸ்கூல் மணி அடிக்குது டீச்சர். அத்தனை வருஷம் கேட்டேல்ல, நிக்க மாட்டேங்குது. போய் டாக்டரைப் பாரு” என்றார் காது. அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது மூன்றாவது முறை. காரிலிருந்து இறங்கிய தோரணையே சரியில்லை.

“டாக்டரைப் பாத்துட்டேன். கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, காதுல ஹெட்போன் மாட்டிவிட்டு டெஸ்ட் எடுத்தாங்க. ரெண்டு காதும் நல்லா இருக்காம். இந்த வயசுக்கு இவ்வளவு நல்லா இருக்கறதே பெருசாம்” என்று ஆரம்பித்தாள். “இத பாருங்க அத்தான். சொந்தம்னு நானும் பொறுத்துப் பாத்தேன். இன்னிக்கு இது சரியாகலைன்னா நேரா எதிர்க்கடையிலதான் கொண்டு நிறுத்துவேன்.”

காதுக்குத் திக்கென்றது. அந்தச் சிவப்பு, தெருவின் கடைசி வரைக்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. காதின் சொந்த மச்சினி கார் எதிர்க்கடை வாசலில் நிற்கிறது என்றால், சலூன்காரர் ஒருத்தர் போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொல்லிவிடுவார். மானம் கப்பலேறிவிடும். அந்தப் பயத்தில் கோபம் இரண்டு மடங்காகியது. முந்தின நாள்தான் மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்த மனைவி, மெஷினில் உட்கார்ந்து, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி வா. இன்னிக்கு ரெண்டுல ஒன்னு பாத்துடலாம்” என்றார் காது. “நீ சொல்ற மாதிரி ஒரு சத்தம் இருந்தா, அது எர்த் சரியா ஒட்டாததாலதான் வரணும். நான் ஒரு கிளிப் வயரை வச்சு எர்த்தை ரெண்டு இடத்துல மாத்தி மாத்திக் கொடுக்கறேன். ஒரு இடம் இப்ப இருக்கற ஸ்க்ரூ. இன்னொரு இடம் சீட்டுக்கு அடியில, ஆம்போட எர்த் போட்ருக்கற சுத்தமான இரும்பு. நீ கண்ணை மூடிக்க. எப்ப இருக்கு, எப்ப இல்லைன்னு சொல்லு. சும்மா அடிச்சு விட்டேன்னா மாட்டிக்குவே.”

“பரீட்சை வச்சே பொழைச்சவ நான். எனக்கே பரீட்சையா? வைங்க” என்று டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

மேற்கூரை மடிந்திருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடியது. பாட்டு இல்லாமல் வால்யூமை மட்டும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, காது டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார். மச்சினியை இன்றைக்கு வசமாக மாட்டவைத்து, இனிமேல் வாயே திறக்காதபடி பண்ணிவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். கிளிப்பை ஸ்க்ரூவில் கவ்வவிட்டார்.

“இருக்கு” என்றாள் டீச்சர்.

சீட்டுக்கு அடியில் மாற்றினார்.

“போச்சு.”

சரி, முதல் தடவை குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டது. மறுபடி ஸ்க்ரூ. “இருக்கு.” மறுபடி சீட்டுக்கு அடியில். “போச்சு.” இப்போது ஒரு தந்திரம் செய்தார். கிளிப்பை எடுத்துச் சடக்கென்று சத்தம் வரும்படி மூடி, அதே இடத்திலேயே திரும்ப வைத்தார். இருக்கு என்று உளறுவாள் என்று காத்திருந்தார்.

“எடுத்தப்ப ஒரு நொடி என்னமோ கர்ருன்னுச்சு. இப்ப இல்லை. சுத்தமா இருக்கு” என்றாள் டீச்சர்.

ஸ்பீக்கர் அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கிளிப்பை ஸ்க்ரூவில் வைத்துக் கேட்டார். எடுத்து இரும்பில் வைத்துக் கேட்டார். இரண்டும் ஒன்றுதான். அதே இன்ஜின், அதே லேசான இரைச்சல். ஸ்பீக்கர் வலையில் காதை ஒட்டியே வைத்துப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. இவள் எப்படியோ கண்ணைத் திறந்து பார்க்கிறாளோ என்று ஒரு சந்தேகம். தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அவள் இறுக்க மூடிக்கொண்டு, வகுப்பில் மனக்கணக்கு போடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மறுபடி உள்ளே போனார். இந்த முறை வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் கிளிப்பை மெல்ல ஸ்க்ரூவுக்குக் கொண்டுபோய் வைத்தார்.

“இருக்கு” என்றாள் டீச்சர்.

“இருக்கு” என்றது இன்னொரு குரலும்.

கடைக்குள்ளிருந்து வந்தது. தையல் மெஷின் நின்றிருந்தது. மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏதோ நினைப்பில் வாயில் வந்துவிட்டது போலும். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குக் கிளிப் தெரிய வழியே இல்லை. நடுவில் கார்க் கதவு, அதற்கப்புறம் ஸ்டூல், அதற்கப்புறம் சீட் கவர் குவியல். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கிறது. ஒரு சாண் தூரத்தில் கிடக்கிற காதுக்குக் கேட்கவில்லை.

அவர் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. பெடலுக்கு நடுவில் அப்படியே கிடந்தார். மேலே டீச்சர் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். அவள் குரல் மாறிவிட்டது. “அத்தான்… நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?”

காது ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஸ்க்ரூவிலிருந்த கறுப்பு வயரைக் கழற்றினார். நீளம் போதவில்லை, இன்னொரு துண்டைச் சேர்த்து முறுக்கி, சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய், ஆம்பின் எர்த் இருந்த இடத்திலேயே முடுக்கினார். பாழாய்ப்போன கைக்கு அந்த வேலை மறக்கவில்லை. வேலை முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அவரிடம் இப்போது வழியில்லை.

“போச்சா?” என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

“போச்சு அத்தான். சுத்தமாப் போச்சு” என்றாள் டீச்சர். டிரைவர் சீட்டுக்கு மாறி ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தாள், தலையாட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு துள்ளல் அவளிடம் இருந்திருக்க வேண்டும், இல்லை. கிளம்பும்போது அக்காவைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். “நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் தெருமுனை தாண்டும் வரை காது பொறுத்திருந்தார். அப்புறம் வெடித்தார்.

“எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?”

மனைவி துணியை மடித்து மடித்து வைத்தாள். “வாஷிங் மெஷின் முடிஞ்சதும் கத்துமே. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. அது கத்திக்கிட்டே இருக்கு, நீங்க பக்கத்தைத் திருப்பறீங்க. வேணும்னே எழுந்திருக்காம இருக்கீங்கன்னு அன்னிக்கு நல்லாத் திட்டிட்டேன். அப்புறம் போன் அலாரம். அப்புறம் ஒரு நாள் கடையில ஒரு வண்டி, நீங்க சரின்னு சாவியைக் கொடுக்கப் போறீங்க, உள்ள ஙீன்னு கத்திக்கிட்டிருக்கு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. துணியை எடுத்துட்டுப் போய் உக்காந்துட்டேன்.”

காதுக்கு ஒவ்வொன்றாக வந்து உறைத்தது. துணி. ஏசி. எர்த்தை ஒரு தடவை பாத்துடுங்களேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டிய அத்தனை வண்டிகள். “காதுன்னா காதுதான்” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போன அத்தனை பேர். அந்தப் புகழையெல்லாம் அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இவளைப் பார்த்து ஊசி கோத்துத் தருவதாகக் கிண்டல் வேறு செய்திருக்கிறார். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. கூச்சம் தாங்கமாட்டாமல் மறுபடி அவள் மேலேயே பாய்ந்தார்.

“எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க!”

“யாரு எல்லாரும்? நான் ஒருத்திதான். என் தங்கச்சிக்குக்கூட இன்னிக்குத்தான் தெரியும்.” அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “சொல்லலாம்னு எத்தனை தடவை வாயெடுத்திருப்பேன். எப்படிச் சொல்றது? வேற யாருக்காச்சும் காது மந்தமாப் போச்சுன்னா பரவாயில்ல, பாத்துக்கலாம். உங்களைத் தெருவே காதுன்னு கூப்பிடுது. அதுல போய் நான் என்னன்னு சொல்ல? அழுகைதான் வந்துச்சு. ஊரு போறதுக்கு முன்னாடிகூடச் சொன்னேன், நான் வர்ற வரைக்கும் எந்த வண்டியையும் அனுப்பாதீங்கன்னு. கேட்டீங்களா?”

சொன்னாள்தான். கண்ணாடி துடைக்காமல் வண்டி போனால் என்ன குடி முழுகிவிடும் என்று அவர் கத்தியதும் ஞாபகம் வந்தது. காது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் அடைத்த அறைக்குள் ஸ்பீக்கரை அலறவிட்டு, அதுதான் சோதனை என்று பெருமை பேசியது அவர்தான். கேட்பது போனதற்கு வேறு யாரைத் திட்டுவது? இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. வாஷிங் மெஷினைத் திட்டினார், பழைய காரைத் திட்டினார், அதைச் செய்த கம்பெனி எர்த்துக்குத் தனியாக ஒரு வயர் கொடுக்காததைத் திட்டினார். மனைவி டீ வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது. தூசி விழுந்துவிட்டது என்றார்.

அடுத்த சில நாட்களில் டாக்டரிடம் போனார்கள், அதே கண்ணாடி அறை, காதில் அதே ஹெட்போன். பேச்சுக்கும் பாட்டுக்கும் பழுதில்லை, ஙீ என்று கீச்சிடுகிற மேல்சத்தம் மட்டும் போய்விட்டது, திரும்பி வராது என்றார்கள். காது அதற்கு டாக்டரையும் திட்டினார்.

அப்புறம் ஒரு நாள் கடையில் ஒரு வேன். சொந்தக்காரர் வேறு யாரும் இல்லை, சலூன்காரர்தான். புது செட் மாட்டி முடித்தாகிவிட்டது. பாட்டு ஓடியது, நன்றாகத்தான் இருந்தது. “என்ன காது, எல்லாம் சரியா?” என்று சாவிக்குக் கையை நீட்டினார் சலூன்காரர்.

காது சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். மனைவி வழக்கம்போல் எழுந்தாள், ஆணியில் தொங்கிய துணியை எடுத்தாள்.

“அதை வச்சிட்டு வா” என்றார் காது.

அவள் புரியாமல் பார்த்தாள்.

“துணியை வச்சிட்டு வான்னு சொல்றேன். வந்து உக்காந்து கேளு.” அப்புறம் சலூன்காரர் பக்கம் திரும்பினார். ஊருக்கே செய்தி சொல்லுகிற ஆள் என்று தெரிந்துதான் திரும்பினார். ஒரு தடவை கனைத்துக்கொண்டார். “எனக்கு மேல்சத்தம் கேக்கறதில்ல. ரொம்ப நாளாச்சு. இவதான் கேட்டுச் சொல்றா. இவ சரின்னு சொன்னாத்தான் இந்தக் கடையிலேர்ந்து வண்டி போகும்.”

சலூன்காரர் சாவிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

மனைவி துணியை ஆணியில் மாட்டினாள். வேனில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். இன்ஜினைக் கிளப்பி, பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை ஏற்றினாள். சாய்ந்து கண்ணை மூடினாள். காது வெளியே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்குங்க” என்றாள்.

“இருக்காது! பெயிண்டைச் சுரண்டித்தான் போட்டேன்!”

“இருக்குன்னா இருக்கு. சின்னதா இருக்கு. குனிஞ்சு பாருங்க.”

“உயிரை வாங்கறா” என்று சலூன்காரரிடம் முறையிட்டுவிட்டு, காது ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார். அவள் உள்ளே கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். முன்கண்ணாடியில் கை ரேகையும் தூசியும் அப்படியே இருந்தன. அன்றைக்கு அதை யாரும் துடைக்கவில்லை.